எட்டு மணியும் ஒன்பது மணியும்

அமலராணி திண்டுக்கல்லில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு முன், சேர ஆள் இல்லையென்று அந்தப் பிரிவையே மூடினார்கள். ஒரு சால்வையைப் போர்த்தி, போட்டோ எடுத்து, அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு நாகல் நகரில் அந்த இரண்டு அறை வீட்டில் அவள் மட்டும்தான். அண்ணன் குடும்பம் ஓசூரில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அங்கிருந்து போன் வரும்.

சில நாள் காலையில் கடைக்குப் போய் "அரை லிட்டர் பால்" என்று கேட்கும்போது தொண்டை கரகரத்து வார்த்தை உடைந்து வரும். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரியும். ஐம்பத்தோரு வயது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நேரம்தான் நிறைய இருந்தது.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"மேடம், நான் மஹ்ஜபீன். ரெண்டாயிரத்துப் பன்னெண்டு பேட்ச். லேப்ல கடைசி வரிசையில உக்காருவேன்."

அந்தக் கடைசி வரிசையில் முக்காடு போட்டு நாலு பேர் இருந்தார்கள். எவள் என்று பிடிபடவில்லை. "ஞாபகம் இல்லாமயா? சொல்லும்மா" என்றாள் அமலராணி.

"எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கோயில் மணிக்கு நீங்கதான் புரோகிராம் எழுதுனீங்கன்னு சொன்னாங்க."

"ஆமா. என்ன ஆச்சு?"

"எங்க மாமி சொல்றாங்க மேடம், எட்டு மணியும் ஒம்பது மணியும் அடிக்க மாட்டேங்குதாம். மத்ததெல்லாம் அடிக்குதாம்."

அந்த மணி பேகம்பூருக்குப் போகிற வழியில் உள்ள சின்ன மாதா கோயிலில் இருந்தது. பொங்கல் சமயத்தில் கரண்டு ஏறி இறங்கியதில் கோபுரத்து மணியைத் தானாக அடிக்கும் பெட்டி கருகிவிட்டது. பங்குத்தந்தை ஸ்டீபன்ராஜ் அமலராணியைக் கூப்பிட்டு, "ஏதாவது செய்ய முடியுமா டீச்சர்?" என்று கேட்டார். அவள் தன் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் கொண்டுபோய், அதில் லினக்ஸைப் போட்டு, சி மொழியில் அறுபது வரி எழுதினாள். காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை, ஒவ்வொரு மணிக்கும் முதலில் மாதா பாட்டு இரண்டு அடி ஒலிக்கும். பிறகு மணி எத்தனையோ அத்தனை முறை அடிக்கும்.

நேரத்தை சி மொழியிலேயே நேராகக் கேட்டு வாங்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. லினக்ஸில் கட்டளைகளைத் தட்டிக் கொடுக்கும் ஷெல்லில் 'டேட்' என்று ஒரு கட்டளை உண்டு. கேட்டால் மணியை எழுதிக் காட்டும். அந்தக் கட்டளையை ஓடவிட்டு, அது எழுதுவதை வாங்கி, எண்ணாக மாற்றி, அத்தனை அடி அடிக்கச் சொல்வது அவளுக்குப் பழகிய வழி. லேப் நோட்டில் ஒன்பதாவது பயிற்சி அதுதான். "கட்டளை குடுக்கிறது எண்ணு இல்ல புள்ளைகளா. எண்ணு மாதிரி தெரியிற எழுத்து. எழுத்தைக் கூட்ட முடியாது, கழிக்க முடியாது. மொதல்ல அதை எண்ணாக்கணும்" என்று இருபத்திரண்டு வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கோயிலில் உட்கார்ந்து அதை மறுபடி எழுதியபோது, யாரோ எதிரே உட்கார்ந்து கேட்பது போலவே இருந்தது. நாலு நாள் சாயங்காலம் இருந்து பார்த்தாள். மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எல்லாம் சரியாக அடித்தன. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசைக்கு வரும்போதும் ஆறும் ஏழும் கேட்டுவிட்டுப் போவாள். அவள் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அதுவரைக்கும் மணிச் சத்தம் எட்டாது.

"எட்டு, ஒம்பது மணிக்குத்தான ஸ்கூல் வேனு, பஸ்ஸு எல்லாம் போகும்" என்றாள் போனில். "சத்தத்துல கேட்டிருக்காதும்மா. ஏழு அடிக்குது, பத்து அடிக்குது, நடுவுல ரெண்டு மட்டும் எப்படி அடிக்காமப் போகும்?"

"நானும் அதைத்தான் சொன்னேன் மேடம். நான் ஏழரைக்கே ஸ்கேன் சென்டருக்குக் கிளம்பிட்டா ராத்திரி ஒம்பதரைக்குத்தான் வருவேன். எனக்கும் தெரியல. ஆனா மாமி இத்தாவுல இருக்காங்க. மாமா மவுத்தாகி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த ரூம்லயேதான் இருக்காங்க. மணிய எண்ணிக்கிட்டே இருக்காங்க போல."

இத்தா என்றால் என்னவென்று அமலராணிக்குத் தெரியும். புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் அந்தப் பெண் வெளியே வரமாட்டாள்.

"நாளைக்குப் போய்ப் பாக்குறேன்" என்றாள். போனை வைத்த பிறகு கீரையில் கை ஓடவில்லை. தன் புரோகிராம் தப்பு என்று ஒருவர் சொல்லிவிட்டார் என்ற கோபம் இருந்தது. நாளைக்குப் போக ஓர் இடம் கிடைத்தது என்ற நினைப்பு அதற்கு அடியில் ஓடியது. அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் எட்டுக்குக் கால் மணி நேரம் முன்பே கோயிலில் இருந்தாள். கம்ப்யூட்டர் பீடத்துக்குப் பின்னால் பூசை உடுப்புகள் வைக்கும் அறையில் இருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியதாஸ் மெழுகுவர்த்திக் கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எட்டானதும் ஒலிபெருக்கியில் மாதா பாட்டு வந்தது. பாட்டின் இரண்டு அடியும் முடிந்தன. பிறகு ஒன்றுமில்லை. வெளியே ஒரு பள்ளிக்கூட வேன் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"என்ன ஆரோக்கியதாஸ், அடிக்கல?"

"எட்டுக்குப் பாட்டு மட்டுந்தான டீச்சர்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான. ஒம்பதுக்கும் அப்படித்தான். நீங்கதான் அப்படி வச்சிருக்கீகன்னு நெனச்சேன்."

"சாமியார் ஒண்ணும் கேக்கலயா?"

"சாமி அந்நேரம் போன்ல இருப்பாரு."

"தெருவுல யாராவது?"

ஆரோக்கியதாஸ் சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இந்தக் காலத்துல மணிய எண்ணிக்கிட்டு யாரு டீச்சர் இருக்கா? எல்லாரு கையிலயும் போனு இருக்கு."

இரண்டு மாதத்துக்கு மேல், காலையும் இரவுமாக ஒரு நாளைக்கு நாலு முறை மணி அடிக்காமல் போயிருக்கிறது. சுற்றிலும் முந்நூறு வீடாவது இருக்கும். தன் வேலையில் தப்பு என்பதைவிட, அதை ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டளை என்ன எழுதுகிறது, அதை மாற்றினால் என்ன எண் வருகிறது, இரண்டையும் திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். கட்டளை 08 என்று எழுதியிருந்தது. எண் பூஜ்யம். பூஜ்யம் தடவை அடி என்றால் மணி என்ன செய்யும்? அடிக்காது. கையாலேயே ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாள். 07 கொடுத்தால் ஏழு. 08 கொடுத்தால் பூஜ்யம். 09 கொடுத்தாலும் பூஜ்யம். 10 கொடுத்தால் பத்து.

பிடிபட்டுவிட்டது.

சி மொழியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. முன்னால் பூஜ்யம் போட்டு எழுதிய எண், நாம் எண்ணுகிற பத்தின் கணக்கில் எழுதியது அல்ல. எட்டின் கணக்கில் எழுதியது. அந்தக் கணக்கில் பூஜ்யம் முதல் ஏழு வரைதான் இலக்கம். எட்டும் ஒன்பதும் அதில் கிடையவே கிடையாது. எழுத்தை எண்ணாக்கும்போது எந்தக் கணக்கு என்று நாம் சொல்ல வேண்டும். பத்து என்று சொல்லலாம். பூஜ்யம் என்று சொன்னால், நீயே பார்த்து முடிவு பண்ணிக்கொள் என்று பொருள். அமலராணி எப்போதும் பூஜ்யம்தான் போடுவாள். "அதுக்குத் தெரியும், அதுகிட்ட விட்டுருங்க" என்று பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறாள். அது 08-ஐப் பார்க்கும். முன்னால் பூஜ்யம் இருப்பதால் எட்டின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளும். அடுத்து வரும் எட்டு அதற்குப் புரியாது. படித்த மட்டும் போதும் என்று பூஜ்யத்தோடு நின்றுவிடும். எதுவரை படித்தேன் என்று கேட்டால் சொல்லும். அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

லேப்பில் இந்தப் பயிற்சிக்குக் கோப்புகளின் எண்ணிக்கையைத்தான் கொடுப்பாள். அதில் முன்னால் பூஜ்யம் வராது. ஆனால் ஒரு வருடம், ஆயக்குடியிலிருந்து வந்துகொண்டிருந்த சிவபிரகாஷ் என்ற பையன், தானாகவே தேதியைப் போட்டுப் பார்த்திருக்கிறான். அன்றைக்கு ஏதோ மாதத்தின் எட்டாம் தேதி. "மேடம், இன்னிக்குத் தேதி சைபர்னு வருதுங்க" என்றான். லேப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். "ஒழுங்காப் பாத்து எழுது. கண்ட வேலையும் பாக்காத" என்று இரண்டு மார்க்கைக் குறைத்து நோட்டைத் தூக்கிக் கொடுத்தாள். அவன் நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்ததும், சட்டைப் பையிலிருந்த பேனா கசிந்து நீலமாக இருந்ததும் இப்போது வரிசையாக ஞாபகம் வந்தன.

பூஜ்யத்தை அழித்துவிட்டுப் பத்து என்று போட்டாள். எழுத்து முழுவதையும் படித்ததா என்று பார்க்க இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். ஒன்பது மணி ஆவதற்காகக் காத்திருந்தாள். பாட்டு முடிந்து மணி ஒன்று, இரண்டு என்று தொடங்கி ஒன்பது அடித்தது. ஆரோக்கியதாஸ், "ம், ஒம்பது" என்றார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவளுக்கு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பங்குத்தந்தையிடம் போய், "மணி சரியாயிருச்சு சாமி, எட்டுக்கு முன்னாடி இருக்கிற சைபர்னால..." என்று ஆரம்பித்தாள். அவர் ஒரு கல்யாண ஓலையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "ரொம்ப நன்றி டீச்சர், நீங்க இருக்கிறதால கவலையில்ல" என்றார். அதற்கு மேல் சொல்ல இடமில்லை.

மணியை எண்ணியவர் ஒருவர்தான். மஹ்ஜபீனைப் போனில் கூப்பிட்டு, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள்.

"தாராளமாப் போங்க மேடம். பொம்பளைங்க போகலாம். கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். சத்தம் குடுத்துட்டு உள்ள போங்க."

கோயிலுக்குப் பின் இரண்டாவது சந்தில் வீடு. உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள் மஹ்ஜபீனின் மாமியார் ஜெய்தூன் பீவி. அறுபது வயது இருக்கலாம். வெள்ளைத் துணியைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். காதும் கையும் மூளியாக இருந்தன. ஜன்னலில் பாதிக்கு மேல் திரை கட்டியிருந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. பசியாறினீங்களா?"

"ஆச்சுக்கா. நான்தான் அந்தக் கோயில் மணிக்கு..."

"ஒம்பது அடிச்சுச்சு" என்றாள் ஜெய்தூன் பீவி அவசரமாக. "எண்ணினேன். ஒம்பது."

"ஆமாக்கா. இப்பத்தான் சரி பண்ணேன். தப்பு என்னோடதுதான்."

"அப்ப, நெசமாவே அடிக்கலயா?"

"நெசமாவே அடிக்கல. நான் மெசினு வச்ச நாள்ல இருந்து எட்டும் ஒம்பதும் அடிக்கவே இல்ல."

ஜெய்தூன் பீவி துணியின் ஓரத்தை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அமலராணிக்கு முதலில் தெரியவில்லை.

"எனக்குப் புத்தி பெசகிருச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

பிறகு அவளே சொன்னாள். அவள் புருஷன் ஜெகபர் அலி தோல் மண்டி வைத்திருந்தவர். ஜனவரி கடைசியில் ஒரு நாள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முதல் பத்து நாள் வீடு நிறைய ஆள். நாற்பதாம் நாள் ஆனதும் வரத்துக் குறைந்துவிட்டது. நோன்பு மாதமும் பெருநாளும் வந்து போயின. மகன் அயாஸ் சார்ஜாவில். மருமகள் காலையில் போனால் இரவுதான் வருவாள்.

"பாங்கு சத்தம் கேட்டா நேரம் தெரிஞ்சுரும். ஆனா விடியக்காலை சுபுஹுக்குப் பொறவு மத்தியானம் லுஹர் வரைக்கும் பாங்கு இல்லையே. அம்புட்டு நேரமும் உங்க மணிதான் தொணை. ஆறு அடிக்கும், எண்ணுவேன். ஏழு அடிக்கும், எண்ணுவேன். பொறவு பாட்டு வரும், அடிக்காது. திரும்பப் பாட்டு வரும், அடிக்காது. அப்புறம் பார்த்தா பத்து அடிக்கும்."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படிச் சொல்றது? எட்டு மணிக்குத்தான் அவுக பசியாற உக்காருவாக. ஒம்பது அடிச்சா செருப்பை மாட்டிக்கிட்டு மண்டிக்குக் கிளம்பிருவாக. முப்பத்தாறு வருசமா அப்படித்தான். அந்த ரெண்டு மணி மட்டும் எனக்குக் கேக்கல. மத்தது எல்லாம் கேக்குது. இதைப் போய் யாருகிட்டச் சொல்வேன்? மருமவகிட்டச் சொன்னா டாக்டரைக் கூட்டிட்டு வருவா. மனசுதான் அடைச்சிருச்சு, அல்லாதான் திறக்கணும்னு கெடந்தேன். நேத்து முந்தாநாள் தாங்க முடியாமத்தான் அவகிட்ட வாய் விட்டுட்டேன்."

அமலராணியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அறுபது வரியில் ஒரே ஒரு எழுத்து. அது இந்த அறைக்குள் வந்து, ஒரு மனுஷியை இரண்டு மாதம் பயமுறுத்திவிட்டிருக்கிறது. "மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

"எதுக்கும்மா? நீங்களா வேணும்னு செஞ்சீங்க?" ஜெய்தூன் பீவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்னதான் ஆச்சு அதுக்கு? எனக்கும் சொல்லுங்க."

அமலராணி சொன்னாள். எழுத்து, எண், எட்டின் கணக்கு, முன்னால் நிற்கும் பூஜ்யம் எல்லாம் சொன்னாள். நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. மூன்று வருடமாக அவள் இப்படி ஒன்றைத் தொடர்ந்து பேசியதில்லை. ஜெய்தூன் பீவி கடைசிவரைக்கும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப முன்னாடி நிக்கிற சைபரைப் பாத்துட்டு, பின்னாடி இருக்கிற எட்டைப் பாக்காமப் போயிருது. அதானம்மா?"

"அதேதாங்க்கா" என்றாள் அமலராணி. பரீட்சைத் தாளில் இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

கிளம்பும்போது ஜெய்தூன் பீவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னைக்கு ஒம்பது அடிச்சதும் அவுக கிளம்பிட்டாகன்னு தோணுச்சு" என்றாள். "அடிக்காம இருந்தப்ப வீட்டுக்குள்ளதான் எங்கயோ இருக்காகங்கிற மாதிரி இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு, ஒரு மாதிரி ஆறுதலாவும் இருந்துச்சு."

அமலராணி கிளம்பாமல் நின்றாள். "வேணும்னா அந்த ரெண்டையும் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேக்கட்டுமாக்கா?"

"வேணாம்மா. மணின்னா அடிக்கத்தான் செய்யணும்." பிறகு தயங்கிச் சொன்னாள். "நாளைக்கும் இந்தப் பக்கம் வந்தா உள்ள வந்துட்டுப் போங்க."

அன்று சாயங்காலம் மஹ்ஜபீனிடமிருந்து, அவளோடு படித்த சிவபிரகாஷின் நம்பரை வாங்கிப் பேசினாள் அமலராணி. அவன் இப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காய லோடு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க மேடம், நல்லா இருக்கீங்களா? என்னய ஞாபகம் வச்சிருக்கீங்களே!"

எட்டாம் தேதி சமாசாரத்தைச் சொல்லி, "நீ சொன்னதுதான்ப்பா சரி. நான்தான் தப்பு" என்றாள். பின்னால் லாரிச் சத்தமும் யாரோ எண்ணிக்கை கூவுவதும் கேட்டன.

"அப்படிங்களா? எனக்கு அது ஞாபகமே இல்லீங்க மேடம். கம்ப்யூட்டரைத் தொட்டே பத்து வருசம் ஆச்சுங்க." சிரித்தான். "வண்டி வந்துருச்சுங்க, வச்சுடட்டுங்களா?"

"சரிப்பா" என்றாள். அவன் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் எட்டு மணிக்கு முன்பே அமலராணி ஜெய்தூன் பீவி வீட்டில் இருந்தாள். அதற்கு மறுநாளும் போனாள். பிறகு காரணம் தேடுவதை விட்டுவிட்டாள். ஒரு டப்பாவில் இட்லியும் வெங்காயச் சட்னியும் கொண்டுபோவாள். ஜெய்தூன் பீவி முந்தின இரவின் சால்னாவைச் சூடு பண்ணி வைத்திருப்பாள். எட்டு அடிக்கும்போது பாயில் எதிரெதிரே உட்கார்வார்கள். முதல் சில நாள், ஒன்பது அடிக்கத் தொடங்கியதும் ஜெய்தூன் பீவியின் கை தட்டிலேயே நின்றுவிடும். அமலராணி பேச்சை நிறுத்திக்கொள்வாள். ஒன்பதும் அடித்து ஓய்ந்த பிறகு, "ம், சொல்லுங்க" என்பாள் ஜெய்தூன் பீவி. மே மாதம் பாதிக்கு மேல், ஒன்பது அடித்ததைக் கவனிக்காமல் இருவரும் பேசிக்கொண்டிருந்த நாளும் இருந்தது.

பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஜெய்தூன் பீவிக்கு வெயில் காலத்தில் தோல் மண்டி எப்படி நாறும் என்று சொல்லப் பிடிக்கும். அமலராணி, தேர்வில் பார்த்து எழுதிய பையன்களைப் பற்றிச் சொல்வாள். ஒரு நாள் ஜெய்தூன் பீவி, "அவுக நல்ல மனுசந்தான். ஆனா சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேச மாட்டாக. முப்பத்தாறு வருசமும் பேசுனதில்ல. இப்ப உங்ககூடத்தான் பேசிக்கிட்டே பசியாறுறேன்" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்பது போலத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கடைக்காரரிடம் பால் கேட்கும்போது அமலராணியின் தொண்டை இப்போது கரகரக்கவில்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை.

ஜூன் முதல் வாரத்தில் இத்தா முடிந்தது. அயாஸ் விடுப்பில் வந்தான். இறந்தவருக்காகப் பாத்திஹா ஓதிச் சோறு ஆக்கினார்கள். அமலராணியையும் கூப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது மஹ்ஜபீன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், நாங்க எல்லாரும் சார்ஜா போறோம். அவருக்குப் பெரிய வீடு கிடைச்சிருச்சு. மாமியை இங்க தனியா விட முடியாதுல்ல. இந்த வீட்டை வாடகைக்கு விடப்போறோம்."

"நல்லதுதானம்மா" என்றாள் அமலராணி. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். "ரொம்ப நல்லது."

அவர்கள் கிளம்புகிற அன்று அமலராணி போனாள். வாசலில் கார் நின்றது. நாலு மாதத்துக்குப் பிறகு தெருவெயிலுக்கு வந்த ஜெய்தூன் பீவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புர்காவுக்குள்ளிருந்து கையை நீட்டி அமலராணியின் கையைப் பிடித்தாள்.

"போன் பண்றேம்மா."

"பண்ணுங்கக்கா."

"தனியாத்தான இருக்கீங்க. காலையில சாப்பிடாம இருந்துராதீங்க."

அயாஸ் பெட்டியை ஏற்றிவிட்டு, "மா, பிளைட்டுக்கு நேரமாச்சு" என்றான். கார் சந்து முனையில் திரும்பும்வரை அமலராணி நின்றாள். பிறகு கோயில் பக்கம் போகாமல் நேராக வீட்டுக்கு நடந்தாள். எட்டும் ஒன்பதும் இனி யார் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் அடிக்கும். அந்த வேலை முடிந்துவிட்டது.

முதலில் தினமும் போன் வந்தது. பதினோராவது மாடியாம், ஜன்னலைத் திறக்க முடியாதாம், ஏ.சி. சத்தம் மட்டும்தான் கேட்கிறதாம். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை. ஆகஸ்டில் வெள்ளிக்கிழமை மட்டும். அமலராணி அந்த நாளுக்கு என்று இரண்டு செய்திகளைச் சேர்த்து வைப்பாள். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. மத்தியானம் அவளே அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சாயங்காலம் மஹ்ஜபீன் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"மேடம், சாரி. மாமி போனை வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாங்க. இந்த பில்டிங்லயே நம்ம ஊர்ப் பக்கத்துப் பொம்பளைங்க அஞ்சாறு பேரு இருக்காங்க. வெள்ளிக்கெழமையானா ஓதுறதுக்குக் கூடிருவாங்க. மாமிதான் இப்ப அவங்களுக்கெல்லாம் பெரியாளு. ஒரே சிரிப்புதான். உங்களை ரொம்ப விசாரிப்பாங்க மேடம்."

பின்னால் பெண்கள் சேர்ந்து பேசும் சத்தம் லேசாகக் கேட்டது. அதில் ஜெய்தூன் பீவியின் குரல் எது என்று தெரியவில்லை. அமலராணி அந்தச் செய்தியை இரண்டு முறை கேட்டாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "ரொம்ப சந்தோஷம்மா, அக்காவைக் கேட்டதாச் சொல்லு" என்று பதில் அனுப்பினாள்.

சிறுமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மொட்டை மாடிக்குப் போய்த் துணியை எடுத்தாள். கொடியில் ஒரு சேலையும் ஒரு துண்டும்தான் கிடந்தன. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கீழே இறங்காமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பெய்யுமா பெய்யாதா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.